கரண்ட் கொடுக்காத பதினோரு நிமிஷம்

1966, ஒரு திங்கட்கிழமை. காலை மணி 8.20. பல்லாவரம் பிளாட்பாரத்தில் முந்நூறு பேர். பாதைக்கு மேலே மின்கம்பியில் லைன்மேன் அருளப்பன். தாம்பரத்தில் மேசை முன் உட்கார்ந்து, இவர்கள் யாரையும் பார்க்காமல், டெலிபோனில் கேட்டே ரயில் பாதைக்கு மின்சாரம் கொடுப்பதும் நிறுத்துவதும் என் வேலை. முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது புரியும். அந்தத் திங்களுக்கு வருமுன் இரண்டு விஷயங்கள்.

லண்டன் தண்டவாளம்

அப்போது தாம்பரத்துக்குத் தெற்கே 25,000 வோல்ட் வந்துவிட்டது. வடக்கே பழைய 1,500. வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த பொறியாளர் ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பிரான்சிலும் ஜப்பானிலும் நம்மைப் போலவே இரண்டு வகையும் உண்டு. லண்டன் பக்கம் சில பாதைகளில் மேலே கம்பியே கிடையாது, தரையோடு போகும் மூன்றாவது தண்டவாளத்தில்தான் மின்சாரம் என்றார். அருளப்பன் கையைத் தூக்கினார்.

“அப்போ அங்க ஏணியே வாணாமா சார்? அந்த ஊர்ல பொறந்திருந்தா என் முட்டி தப்பிச்சிருக்கும்!”

நம்பர்

கம்பியில் ஏறுமுன் லைன்மேனுக்கு ஒரு நம்பர் கொடுப்பேன். இறங்கியதும் அவரே டெலிபோனில் அதைச் சொன்னால்தான் மின்சாரம். ஒருநாள் அருளப்பன் இறங்கியதும் டெலிபோனில், “சாப்ட்டீங்களா சார்?” என்று ஆரம்பித்தார். “நம்பர்?” என்றேன்.

“சாப்ட்டியான்னு கேக்கறதுக்குமா சார் நம்பர்?”

எட்டு இருபது

அந்தத் திங்களன்று கம்பியில் விழுந்த மரக்கிளையை எடுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் கூப்பிட்டார். “எல்லாரும் இறங்கி டீ குடிச்சிகினு இருக்காங்க சார். கண்ணால பார்த்தேன். கரண்ட் குடுங்க.”

“நம்பர்?”

“அது அருளப்பன்கிட்ட இருக்கும்.”

“அவரையே பேசச் சொல்லுங்க.”

அவரைத் தேடுவதிலேயே பதினோரு நிமிஷம் போயிற்று. பிறகு யாரோ பயணி டெலிபோனைப் பிடுங்கினார். “யாருய்யா நீ? ஆபீஸ்ல அரை நாள் லீவு போச்சு. நீ குடுப்பியா? ஒரு நம்பருக்காக...” சட்டென்று பேச்சு நின்றது. டீ குடித்த அருளப்பன், மேலே மறந்து விட்டு வந்த குறடு ஒன்றை எடுக்க யாரிடமும் சொல்லாமல் மறுபடி ஏறியிருக்கிறார். ஸ்டேஷன் ஜன்னல் வழியே பயணி கண்டது ஏணியில் இறங்கும் இரண்டு கால்களை.

“சார், மேலேர்ந்து ஒருத்தர் இப்பதான் இறங்கறார். நீங்க நிதானமா குடுங்க சார். நான் லீவு எழுதிக் குடுத்துக்கறேன்.”

1967-இல் கடற்கரை வரை முழுப் பாதையும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது; அந்த வருடம் என்னைத் திட்டியவர்களின் எண்ணிக்கை கூடியது, எங்கள் ஆட்களின் எண்ணிக்கை குறையவில்லை.