சீரகமும் வெல்லமும் வைத்த கும்பகோணத்துக் கல்யாணம்

“யாரும்மா எழுதிக் குடுத்தது இத?”

எங்கள் வாசகசாலையின் செயலாளர் என் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேட்டார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஆந்திர எல்லையூரான புத்தூரில் அந்த வாசகசாலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அண்மையில் படித்த புத்தகத்தைப் பற்றி யாரும் ஒரு தாளில் அபிப்பிராயம் எழுதித் தரலாம். வாசலில் உள்ள பலகையில் குத்தி வைப்பார்கள். பலகையின் ஒரு பாதி தமிழுக்கு, மறு பாதி தெலுங்குக்கு. அதுவரை ஒரு பெண்ணின் தாள் அதில் ஏறியதில்லை. என்னுடையது ஏற வேண்டும் என்று வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்.

புத்தகத்தை நம்பாமல் படிக்கும் பழக்கம் எனக்கு ஒரு சித்திரக்கதையில் தொடங்கியது. நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். பயணிகள் விட்டுப்போன வாரப் பத்திரிகைகளை எனக்காக எடுத்து வருவார். ஒன்றில் துப்பறியும் கதை படம் படமாக வந்திருந்தது. நைனாவுக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னாடி இவன் என்ன மாதிரியே கீறான்? கட்டம் போட்ட லுங்கி, காதுல பீடி. இன்னா வேல செய்றான்?”

“திருடன், நைனா.”

“அதானே பாத்தேன். நம்மள வேற எதுக்குப் படம் போடப் போறானுங்க.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு எந்தச் சித்திரக்கதையானாலும் முதலில் லுங்கி கட்டியவனைத் தேடுவேன். பெரும்பாலும் அவன்தான் திருடன். துப்பறிகிறவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன். அந்த ஓவியர் மழை பெய்த தெருவை நன்றாக வரைகிறார். ஆனால் மூட்டை தூக்குகிறவன் முகத்தை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சரித்திர நாவல் ஒன்றும் படித்தேன். இளவரசி குதிரையில் ஆற்றைக் கடக்கிறாள், வாள் வீசுகிறாள். ஓலை வந்தால் மட்டும் படித்துச் சொல்ல மந்திரியைக் கூப்பிடுகிறாள். அரண்மனையில் அவளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆளே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது.

செயலாளர் கையில் இருந்த தாள் வேறொரு நாவலைப் பற்றியது. கும்பகோணத்தில் நடக்கிற குடும்பக் கதை. செயலாளரே அதைப் புகழ்ந்து எழுதிய தாள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் காவிரி மண் மணக்கிறது என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த மணம் வரவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கிறார்கள். எங்கள் தெருவில் தெலுங்கு வீட்டுக் கல்யாணத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தமிழ் வீடுகளில் கிடையாது. போகட்டும் என்று மேலே படித்தால், பொங்கலன்று பெண்கள் கொலு வைக்கிறார்கள். ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு குண்டூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் வீட்டில்தான் சங்கராந்திக்குக் கொலு பார்த்தேன். எங்கள் தமிழ் டீச்சர் நவராத்திரிக்குத்தான் வைப்பார். ஏதோ ஒரு தெலுங்குக் கதைக்கு ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

“நானே எழுதினது சார்,” என்றேன்.

“கும்பகோணத்துலயும் தெலுங்கு பேசறவங்க கீறாங்க, தெரியுமா?”

“தெரியும் சார். கதையில அவங்க தேவாரம் பாடற சைவப் பிள்ளைமாருன்னு போட்டிருக்குதே.”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“சரி, அந்தத் தெலுங்குக் கதை எது? பேர் சொல்லு.”

“இன்னும் கண்டுபிடிக்கல.”

“பாத்தியா,” என்று குரலைத் தாழ்த்தினார். “இந்த ஊர் ஆந்திராவுலயே நிக்குமா தமிழ்ப் பக்கம் போவுமான்னு எல்லாரும் பேசிக்கினு கீறோம். இப்பப் போயி தமிழ்க் கதை தெலுங்குலேர்ந்து வந்ததுன்னு நம்ம பலகையிலயே ஒட்டினா, தெலுங்குக்காரங்க சிரிக்க மாட்டாங்களா? யாரோ உன்னக் கிளப்பி விட்டிருக்காங்க.”

என்னை யாரும் கிளப்பிவிடவில்லை. ஆனால் அப்போதுதான் எனக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. அந்தச் சீரகத்தை அவரும் பார்த்திருப்பார். பார்த்தும் காவிரி மணக்கிறது என்று எழுதியிருப்பார். இல்லாவிட்டால் முழுப் புத்தகத்தையும் படித்திருக்க மாட்டார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெண்களுக்கென்று மூலையில் ஒரு பெஞ்சு உண்டு. நான் அங்கே போகாமல் அவர் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, இன்னொரு தாளில் அதே அபிப்பிராயத்தை, பள்ளிக்கூடத்தில் கற்ற தெலுங்கில் எழுத ஆரம்பித்தேன். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று சத்தமாகவே படித்தார். சீரகம் வந்த இடத்தில், “நிஜமேகதா,” உண்மைதானே என்றார்.

“ரெண்டு பாசையிலயும் அதே சந்தேகமா?” என்றார் செயலாளர்.

“ஆமா சார். இதயும் யாராவது எழுதிக் குடுத்தாங்களா?”

அவர் தமிழ்த் தாளை மேஜைமேல் வைத்தார். இரண்டிலும் என் பெயரை எழுதி, முன்னால் நைனாவின் முதலெழுத்தைப் போட்டேன். குண்டூசி டப்பா அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்காமல் எடுத்தேன். பலகையில் இந்தப் பாதியில் ஒன்று, அந்தப் பாதியில் ஒன்று குத்தினேன்.

வீட்டுக்கு வரும்போது என் கையில், அந்த மூலக் கதையைத் தேடுவதற்காக, தெலுங்கு அலமாரியின் மேல்தட்டில் முதலாவதாக இருந்த நாவல் இருந்தது. தெருமுனைக்கு வருவதற்குள் முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். அதில் கல்யாணம் இல்லை.