மேலே மலசலகூடம், கீழே சோறு

நான் விளம்பரம் செய்பவன் என்று சொன்னால் என் மனைவிக்கே சிரிப்பு வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரிடமிருந்து ஒருவர் தப்பித்துக்கொண்டோம். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் போர்டும் பேனரும் அடித்துக் கொடுக்கிறேன். தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முன்பு ஒரு பெரிய விளம்பரக் கம்பனிக்கு சுவரொட்டி ஒட்டப் போயிருந்தேன். அங்கே டை கட்டிய ஒருவர், "மத்தக் கடையில இல்லாதது இவன் கடையில என்ன இருக்குன்னு பாரு. அதப் பெருசாப் போடு" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கியவன் மறந்திருப்பான். பசை வாளியோடு நின்ற நான் பிடித்துக்கொண்டேன்.

கொழும்புப் பாதையில், கடுகண்ணாவை ஏற்றத்தில் சோற்றுக்கடை போட்டிருந்த ஓர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். அவரும் அண்ணியும் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுப் பேர் வெட்டிக்கொண்டு, கையில் கிடைத்த சேமலாபப் பணம் முழுவதையும் அந்தக் கடையில் போட்டவர்கள். தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவையும் விட்டாயிற்று. கடை படுத்தால் திரும்பிப் போக இடமில்லை.

"தம்பி, பஸ்ஸெல்லாம் பறந்துருது. ஒண்ணாவது நிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க."

போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். சோறு சோறு மாதிரி இருந்தது. பருப்பு, பக்கத்துக் கடைப் பருப்பு மாதிரியே இருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனேன். கடையின் சிறப்பு அங்கே இருந்தது. வெள்ளை டைல்ஸ், வாளி நிறையத் தண்ணீர், சரியாக விழும் கொக்கி. அந்தப் பாதையில் அப்படி ஒரு கக்கூஸை நான் பார்த்ததில்லை. அண்ணி காலையும் மாலையும் தேய்த்துக் கழுவுவாராம்.

டை கட்டியவர் என் காதில் பேசினார். சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் போட்டேன்: 'சுத்தமான மலசலகூடம் உண்டு.' அதற்குக் கீழே சின்னதாக, 'சோறு, கறி, பிளேன்டி.'

அண்ணி போர்டை அண்ணாந்து பார்த்தார். "மேல கக்கூஸு, கீழ சோறா? யாருக்குத் தம்பி தொண்டையில எறங்கும்?"

"அண்ணி, இது மார்க்கெட்டிங்" என்றேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பேருக்குமே அர்த்தம் தெரியாததால் பேச்சு அதோடு முடிந்தது.

பஸ் நின்றது. ஒன்றல்ல, வரிசையாக. சனம் இறங்கி ஓடியது, கடைக்குள் அல்ல, பின்பக்கத்துக்கு. திரும்பி வந்து போர்டை இன்னொரு தரம் படித்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியது. பஸ்ஸை நிறுத்தும் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் கடைக்காரர் இனாமாகச் சோறு போடுவது எங்கள் பாதையில் வழக்கம். ஆகவே என் விளம்பரத்தால் அந்தக் கடையில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அண்ணன் கக்கூஸுக்குக் காசு கேட்டுப் பார்த்தார். அப்படியானால் அடுத்த கடையில் நிறுத்துகிறோம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கொண்டக்டர் இன்னும் ஒரு கரண்டி பருப்பு கேட்டானாம்.

வெறும் 'சோறு, கறி' மட்டும் எழுதிய புதுப் போர்டோடு ஓடினேன். ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பஸ் வந்தது. "கக்கூஸ் கடை! பத்து நிமிஷம்!" என்று கொண்டக்டர் கத்தினான். கடைக்கு அதுவே பெயராகிவிட்டிருந்தது. அதை எந்தச் சுத்தியலாலும் பிடுங்க முடியாது.

அண்ணி ஈர்க்குமாறோடு வெளியே வந்தார். "இருவது வருசம் கொழுந்து எடுத்தேன் தம்பி. ஊரான் கக்கூஸ் கழுவவா மலைய விட்டு எறங்குனேன்?"

எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். அன்று மிச்ச ஆணியை அடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, காசு கொடுத்துச் சாப்பிடுகிற ஒருவனாவது நானாக இருக்கட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். அண்ணன் எழும்பவில்லை. அண்ணிதான் வந்தார்.

"சோறு இல்ல தம்பி. அளந்துதான் ஒலை வைக்கிறேன். நிக்கிற பஸ்ஸு டிரைவர், கொண்டக்டருக்கு, அப்பறம் நாங்க ரெண்டு பேருக்கு."

"எப்ப வரைக்கும் அண்ணி?"

"அரிசி முடியிற வரைக்கும்." சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்து நீட்டினார். "கக்கூஸ் போறதுன்னா போங்க."

போனேன். வாளி நிறையத் தண்ணீர். தரை பளபளத்தது. என் பழைய போர்டின் பெரிய எழுத்தில் ஒன்றுகூடப் பொய்யில்லை.