கால் எட்டாத வண்டி

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு டேப்பு என்று பேர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, தையல்காரர் கழுத்தில் தொங்குமே அந்த மாதிரி அளவு டேப்பு ஒன்று சுருண்டு கிடக்கும். கட்டில் கொண்டுவந்த தச்சரை வாசலிலேயே நிறுத்தி அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சொன்ன உயரத்தைக்கூட நம்பாமல் சுவரோரம் நிற்க வைத்து அளந்தவள். மனுஷர் அரை அங்குலம் கூட்டிச் சொல்லியிருந்தார். கட்டிக்கொண்டாள்தான், ஆனால் இன்றுவரை குத்திக்காட்டுகிறாள்.

இந்தச் சந்தேக புத்தி வானத்திலிருந்து குதித்ததல்ல. அம்மா வழியில் எல்லாரும் நெட்டை. பெரிய மாமா வாசல்நிலையில் இடித்துக்கொள்ளாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததே கிடையாது. அப்பா வழியில் அத்தை, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் எல்லாருமே கையடக்கம். அக்கா அம்மாவைக் கொண்டு பிறந்தாள். இவள் அத்தையை உரித்து வைத்தாள். சின்ன வயதில் அக்காவும் மாமா பிள்ளைகளும் சுவரில் கோடு போட்டு இவள் உயரத்தைக் குறிப்பார்கள். பிறகு இவள் காணாத நேரத்தில் பழைய கோட்டை அழித்துக் கொஞ்சம் மேலே போட்டுவிட்டு, “அய்யய்யோ, போன வருஷத்தை விடக் குறைஞ்சிட்டியேடி!” என்று கைகொட்டுவார்கள். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் காணாமலே போய்விடுவோம் என்று பயந்து அழுதிருக்கிறாள். குட்டு வெளிப்பட்ட அன்று அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கியதுதான் முதல் டேப்பு.

அவள் வேலை, நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது. ஊசி குத்தியதே தெரியாது என்பார்கள். பழைய ஸ்கூட்டர் உயிரை விட்டதும் கூடத்தில் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி நிறுத்தினார்கள். ஏறி உட்கார்ந்தால் இவள் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தேடியது.

கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “சீட்டை மாத்திப் பாரு. திங்கட்கிழமைக்குள்ள கால் ஊனி ஓட்டிட்டா வெளிவேலை உன்னுது. இல்லைன்னா உன் அத்தானை அனுப்பிட்டு நீ உள்ள மெஷினைப் பாத்துக்கோ.”

அத்தான் என்றால் அக்கா புருஷன். அதே கூடத்தில், குழாயில் அடைத்து வருகிற ரத்தத்தை இயந்திரத்தில் வைக்கிறவர். இவளோடு ஒன்றாகத்தான் ஊசி போடவும் படித்தார். ஆனால் கூடத்துக்கு வருகிற யாருக்காவது இவள் ஊசி எடுத்தால் போதும், அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிடும். காதில் வைத்தபடி வெளியே போய்விடுவார். நம்மைப் பற்றித்தான் யாரிடமோ வத்தி வைக்கிறார் என்று இவள் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்குத் தேன் ஒழுகப் பேசினார். “கவலைப்படாத டேப்பு. எனக்குத் தெரிஞ்ச சீட் கடை இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“உங்களுக்கு ஏன் அத்தான் இந்த அக்கறை?”

“மச்சினிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?”

பதினைந்து வருஷமாக இல்லாத மச்சினிப் பாசம் இன்றைக்கு எங்கிருந்து முளைத்தது? இவளுக்கு மூக்கில் வியர்த்தது.

கடையில் ரெக்சின் வாடையும் பசை வாடையும் நெடியடித்தன. சீட் தைக்கிறவர் அவளை ஏறி உட்காரச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். “இந்த சீட்டையே முன்னால தொடை வர்ற இடத்துல ரெண்டு பக்கமும் சீவிடலாம்மா. மேல கொஞ்சமா எடுத்தாப் போதும்.”

“அங்க மாட்டியிருக்கே, மெல்லிசா ஒண்ணு?”

“அது ரெடிமேடு. தாழ்வுதான். ஆனா பலகையாட்டம் அகலம், உங்களுக்குச் சரிப்படாது.”

“அதேதான் நானும் சொல்றேன். இவரு சொல்றதைக் கேளு,” என்றார் அத்தான், யாரும் கேட்காமலே.

அவள் டேப்பை எடுத்தாள். இரண்டையும் வண்டியில் வைக்கச் சொல்லித் தரையிலிருந்து அளந்தாள். மேலே சீவுவதாக அவர் சொன்ன கொஞ்சத்தைக் கழித்துப் பார்த்தாலும், ரெடிமேடு சீட் இரண்டு விரற்கடை தாழ்வு. நிமிர்ந்தபோது, கடைக்காரர் காதில் அத்தான் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் தலையை ஆட்டினார். ஓகோ, கூட்டுக்களவாணிகள்! உயரமான சீட்டைத் தலையில் கட்டி, திங்கட்கிழமை நாம் நடுரோட்டில் கவிழ்வதை வேடிக்கை பார்க்க ஏற்பாடு.

“மெல்லிசையே மாட்டுங்க,” என்றாள்.

“அம்மா, நான் சொல்றது…”

“டேப்பு பொய் சொல்லாதுங்க.”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் வீட்டுத் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். ஓடும்போது ராணி மாதிரிதான் இருந்தது. திருப்பத்தில் நிறுத்திக் காலை ஊன்றினால், பழையபடி கட்டைவிரல்தான் தரையைத் தேடியது. வண்டி மெதுவாகச் சாய்ந்து, அவளையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி மேல் படுத்தது.

புருஷன் ஓடிவந்து தூக்கினார். “அடி பட்டுச்சா?”

“சீட்டை மாத்திட்டானுங்க! காட்டினது ஒண்ணு, மாட்டினது ஒண்ணு!”

“அளந்து பாரேன்.”

அளந்தாள். நூல் பிசகாமல் கடையில் பார்த்த அதே அளவு. மறுபடி அளந்தாள். டேப்பின் நுனி நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பூந்தொட்டிக்காரர்களைத் திட்டினாள். ‘ஏன் ரோட்டோரம் வெச்சிருக்காங்க?’

புருஷன் சீட்டையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். “தாழ்வாத்தான் இருக்கு. ஆனா நீ கவட்டைக் கம்பு மாதிரில்ல காலை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க? விரிச்ச காலு எப்படித் தரைக்கு வரும்?”

“அரை அங்குலம் பொய் சொன்ன ஆளு எனக்கு அளவு சொல்ல வந்துட்டீங்களா?” என்றாள். ஆனால் வீட்டுக்குள் போய் இரண்டு நாற்காலிகளை விலக்கி நடுவில் நின்று, காலைச் சேர்த்தும் அகற்றியும் பார்த்துக்கொண்டாள். அகற்ற அகற்ற அவளே குட்டையாகிப்போனாள். அதை அவள் ஒருநாளும் அளந்ததில்லை.

அன்று மாலையே கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரர் வண்டியோடு வந்த சீட்டை எடுத்து உறையைப் பிரித்தார். பஞ்சைச் சீவிச் சீவி அவளை உட்கார வைத்தார், இறக்கினார், மறுபடி சீவினார். கடைசியில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. டேப்பு வைத்தால் மெல்லிய சீட்டைவிட இது உயரம்தான். ஆனால் முன்புறம் ஒடுங்கியிருந்ததால் கால் நேரே கீழே இறங்கியது.

“நேத்து என் அத்தான் உங்க காதுல என்ன ஓதினாரு?” என்று உட்கார்ந்தபடியே கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “‘எப்படியாவது இந்தப் பொண்ணு காலை எட்ட வெச்சிடுங்கய்யா, இல்லைன்னா என் பாடு தீர்ந்துது’ன்னாரு.”

அவளுக்கு முன்னைவிடச் சந்தேகம் கூடிப்போயிற்று. கால் எட்டினால் இவருக்கு என்ன லாபம்?

திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா ஜன்னலிலிருந்து பார்க்க, வாசலைச் சுற்றி வந்து, திருப்பத்தில் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக் காட்டினாள். டாக்டரம்மா கட்டைவிரலை உயர்த்திவிட்டு உள்ளே போனார். அத்தான் சுவரில் சாய்ந்து, மூழ்கி எழுந்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. “உண்மையச் சொல்லுங்க அத்தான். நான் ஓட்டினா உங்களுக்கு என்ன?”

அத்தான் இரண்டு பக்கமும் பார்த்தார். “அக்காகிட்ட சொல்லிடாத. குழாய்ல இருக்கற ரத்தம்னா பரவாயில்ல. தோலுக்குள்ள ஊசி இறங்கறதைப் பாத்தா எனக்குக் கண்ணு இருட்டிடும். வீட்டு வீட்டுக்கு என்னை அனுப்பினா, நோயாளி எழுந்து வந்து எனக்குத் தண்ணி தெளிக்கணும்.”

“அப்போ அந்தப் போனு?”

“எந்தப் போனு? சும்மாதான் காதுல வெச்சுக்கிட்டு ஓடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆக, இந்த மனுஷர் சுயநலத்துக்குத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்தது தப்பில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

ஊசியும் காலிக் குழாய்களும் அடுக்கிய பெட்டியை அத்தான் வேறு பக்கம் பார்த்தபடி நீட்டினார். “எல்லாம் சரியா வெச்சிருக்கேன், கிளம்பு.”

அவள் பெட்டியைத் திறந்து குழாய்களை எண்ணினாள். சரியாகத்தான் இருந்தன. இன்னொரு தரம் எண்ணிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.