ஒண்ணும் நெனக்கலீங்க

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு பச்சைப் பாவாடை கிடக்கிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கான பள்ளிக்கூடச் சீருடை. யாரும் ஒருநாளும் கட்டாதது. வலது பக்கத் தையலோடு சேர்த்து உள்ளே கை விட்டுக்கொள்ள ஒரு ஜோபி வைத்துத் தைத்திருக்கிறது. அந்த ஜோபியின் வாயைக் கறுப்பு நூலால் இறுக்கித் தைத்து மூடியும் இருக்கிறது. வைத்தவளும் நான், மூடியவளும் நான். பூச்சி அரித்துவிட்டதோ என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எதற்கும் கவலைப்படுகிறவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு வந்தும் திரும்பப் போய்ப் பார்ப்பேன், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இது நம் ஊருக்குத்தான் போகிறதா என்று நாலு பேரைக் கேட்பேன். அந்தப் பாவாடையைத் தொடும்போது மட்டும் கவலை எங்கோ போய்விடுகிறது. கோபம்தான் வருகிறது.

நான் ஐந்தாவது முடிக்கவில்லை. அந்தக் காலத்துச் சிலேட்டில் எழுதும் பலப்பத்தைப் பாவாடைச் சுருக்கில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். வரப்பில் குதித்துக் குதித்துப் போனால் வழியிலேயே விழுந்துவிடும். கையில் பிடித்துப் போனால் வேர்வையில் நனைந்து உடையும். "எங்கடி பலப்பம்?" என்பார் வாத்தியார். விழுந்துபோச்சு என்று சொல்லி முடிப்பதற்குள், "இன்னா நெனச்சிக்கினு இருக்கே நீ?" என்று பிரம்பு வரும். எங்கள் பக்கத்தில் இது கேள்வியே அல்ல. அப்பா கேட்டாலும் புருஷன் கேட்டாலும் மாமியார் கேட்டாலும், அடிக்கு முன்னால் வருகிற சத்தம் அது. அதற்குப் பதிலும் ஒன்றே ஒன்றுதான். தலையைத் தொங்கப்போட்டு, "ஒண்ணும் நெனக்கலீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அது நிஜமாகவே ஆகிவிடும். பலப்பம் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே காலையில் கிளம்பாமல் நிற்பேன். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்க ஒரு கை கூடியது, அவ்வளவுதான்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் பெண்களுக்கென்று ஒரு தையல் நிலையம் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து நடத்தினார்கள். மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒருவர் காரியதரிசி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. தையல் மிஷின்களை எல்லாம் சுவரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரிந்தால் பேச்சு வளருமாம். வெட்டிய துணி வரும், தைப்போம், மடித்து வைப்போம். பாவாடையில் நாடா கோர்க்கிற இடம் கிழியும் என்று தைக்கும்போதே தெரியும். தெரிந்தே தைப்போம். சொன்னதைச் செய்தால் வம்பில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதியின்மேலும் ஆத்திரமாக வருகிறது.

அங்கே சூப்ரவைசராக ஓர் அக்கா வந்தார். விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வந்து சாயந்திர ரயிலில் திரும்புவார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். வந்த புதிதில் என் பக்கத்தில் நின்று, கையிலிருந்த பாவாடையைத் தூக்கிப் பார்த்து, "இதப் பத்தி நீ இன்னா நெனக்கிறே?" என்று கேட்டார். எனக்குக் கால் மிஷினிலிருந்து தானாக இறங்கிவிட்டது. எழுந்து நின்று, "ஒண்ணும் நெனக்கலீங்க" என்றேன். அடுத்தவளைக் கேட்டார். அவளும் எழுந்து நின்று அதையே சொன்னாள். அறை முழுக்க ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றோம். அக்கா மிரண்டுபோனார். பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பெண் ஒருவர் எங்களோடு இருந்தார், கோட்டக்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவரைக் காஜாக்கா என்போம். வாய்த்துடுக்கு அவர் ஒருவருக்குத்தான். "அந்தக் கேள்வி இங்க வேணாம் டீச்சரம்மா. அதக் கேட்டாலே முதுகு தானா குனியும், பழக்கதோஷம்" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்கா கேள்வியை மாற்றிக்கொண்டு வந்தார். ரயிலில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். "சரி, நெனப்பு வேணாம். இந்த வேலையில உங்களுக்கு எது பேஜாரா இருக்குது, அதச் சொல்லுங்க" என்றார். பேஜாருக்கு என்ன பஞ்சம்! காஜாக்கா ஆரம்பித்தார், சன்னல் பின்னால் இருக்கிறது, துணியில் தன் நிழலே விழுகிறது என்று. இன்னொருத்தி நாடா கிழிவதைச் சொன்னாள். மத்தியானம் வரைக்கும் அடங்கவில்லை. மிஷின்களை இழுத்துத் திருப்பிப் போட்டோம். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரிந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தவளுக்குத் தெற்றுப்பல் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் வாயைத் திறக்கச் சில நாள் ஆயிற்று. "உனுக்கு ஒண்ணுமே பேஜாரு இல்லியா?" என்று அக்கா கேட்டார். "அவளுக்கா? வானம் இடிஞ்சி வுழுமான்னு அண்ணாந்து பாத்துக்கினே தெப்பா" என்றார் காஜாக்கா. எனக்கு அழுகை முட்டியது. அந்த வேகத்தில் வந்துவிட்டது: "இந்தப் பாவாடயக் கட்டுற புள்ள பலப்பத்த எங்க வெக்கும்னு கவலையா இருக்குதுக்கா." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "பையனுங்க நிஜாருக்கு ஜோபி வெக்கிறோம். இதுக்கு ஏன் வெக்கல?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதைப் போல் இருந்தது. பிறகு தரையில் கிடந்த நறுக்குத் துணியை எடுத்து என் மடியில் போட்டார். "வெச்சிப் பாரு."

என் கவலைக்கு ஒருவர் வேலை கொடுத்தது அன்றைக்குத்தான். பிறந்ததிலிருந்து எல்லோரும் திட்டிய கவலை அது. முதலில் வைத்தது பையாகத் தொங்கியது. பிரித்தேன். அடுத்ததில் வாய் குறுகிப்போய்க் கை நுழையவில்லை. காஜாக்கா தன் மகள் கையை அளந்துவந்து சொன்னார். ஒருத்தி விளிம்பை மடித்துத் தைக்க வழி கண்டாள். வீட்டில் கேப்பைக் களி கிண்டும்போதும் எனக்கு ஜோபிதான். காலையில் எப்போது விடியும் என்று இருந்தது. அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் எந்த வேலைக்கும் நான் அப்படிப் போனதில்லை, அதற்குப் பின்னாலும் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பாவாடை முழுவதற்கும் ஜோபி வைத்து அடுக்கிவிட்டோம்.

அனுப்புவதற்கு முன் காரியதரிசி பார்க்க வந்தார். திரும்பிக் கிடந்த மிஷின்களைப் பார்த்து முகம் சுருங்கியது. ஒரு பாவாடையை எடுத்து உதறினார். ஜோபிக்குள் விரலை விட்டு, செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்தார். "யாரு வேல இது? இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க எல்லாரும்?"

வழக்கம்போலத் தலைகள் குனிந்தன. என் தலை குனியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இத்தனை நாள் அக்கா கேட்டுக் கேட்டுப் பழகியதில், காரியதரிசியும் நிஜமாகத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து நின்று, "ஜோபி இருந்தா பலப்பம் தொலையாது, புள்ள அடி வாங்காது, பள்ளிக்கூடத்துக்கு நிக்காம போவும்னு நெனச்சேனுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவிடம், "கூலிக்குத் தெக்கிறவளுக்கு நெனப்பு வேறயா? நீ பழக்கினதா?" என்றார். "பொட்டப்புள்ள ஜோபிக்குள்ள கைய வுட்டுக்கினு ஆம்பள மாதிரி நிக்கணுமா ஊர்ல?" அக்கா ஒரு பாவாடையை எடுத்து விரித்துக் காட்டிச் சொன்னார்: "துணி ஒண்ணும் அதிகம் ஆவலீங்க. எல்லாம் நறுக்குல வீணாப் போறதுங்க." அதற்கு அந்த மனிதர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "வீணாப் போறது வீணாவே போவட்டும்."

ஜோபியை வெட்டி எடுத்தால் பக்கத்தில் ஓட்டை விழும். அதனால் வாயைத் தைத்து மூடச் சொல்லிவிட்டுப் போனார். மிஷின்களை மறுபடி சுவர்ப்பக்கம் தள்ளினோம். அக்கா அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. வீட்டில் அவர் சம்பாத்தியத்தை நம்பிப் படுத்த படுக்கையாக ஓர் அப்பா இருந்தார் என்று காஜாக்கா பிற்பாடு சொன்னார். வேலை போனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அந்த அக்கா எங்களைக் கேள்வி கேட்டிருக்கிறார்.

மூடினோம். ஆசை ஆசையாகத் திறந்ததை நாங்களே மூடினோம். பச்சை நூல்கண்டு என் முன்னாலேயே இருந்தது. நான் ஒரு பாவாடைக்கு மட்டும் கறுப்பை எடுத்தேன். பார்க்கிறவன் கண்ணை உறுத்தட்டும் என்று அழுத்தி அழுத்தித் தைத்தேன். காரியதரிசியின் ஆள் அந்த ஒன்றைக் கண்டுபிடித்து என் முகத்தில் எறிந்தான். "இத நீயே வெச்சிக்கினு அழு!" வைத்துக்கொண்டேன். அழவில்லை.

கடைசி நாள் அக்கா கிளம்பும்போது வாசலில் என்னைப் பார்த்து, "இன்னா நெனக்கிறே?" என்றார். "பேஜாரா இருக்குதுக்கா" என்றேன். "அதப் பத்திரமா வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். விழுப்புரம் வழியாகப் போகும்போதெல்லாம் ரயிலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கண்ணில் படவே இல்லை.

போன வாரம் என் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். சுவரில் ஏதோ வரைந்துவிட்டாள் என்று அவள் அம்மா கத்தினாள். இத்தனைக்கும் அவள் படித்தவள். பிள்ளைகளைச் சொந்தமாக யோசிக்கவைக்கிற பள்ளிக்கூடம் என்று விளம்பரம் பார்த்துச் சேர்த்தவள். "இன்னா நெனச்சிக்கினு இருக்கே நீ?" என்றாள். அந்தக் குழந்தை தலையைத் தொங்கப்போட்டு, "ஒண்ணும் நெனக்கலம்மா" என்றது. சுர்ரென்று ஏறியது எனக்கு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதற்கு? எனக்கும் இதற்கும் நடுவே இத்தனை காலம் ஓடியிருக்கிறதே, இந்த ஒரு வரி மட்டும் எப்படிக் கிழியாமல் வந்து சேர்ந்தது? அவள் அம்மாவை நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

குழந்தையை அறைக்குள் அழைத்துப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். பாவாடையை எடுத்து மடியில் போட்டேன். அவள் தடவிப் பார்த்தாள். ஜோபியில் கையை விடப் போனாள். விரல் கறுப்பு நூலில் முட்டியது.

"ஏன் பாட்டி மூடியிருக்குது?"

"மூடச் சொன்னாங்க."

"ஜோபிய வெச்சிட்டு யாராவது மூடுவாங்களா? லூசா அவங்க?"

"லூசு இல்லடி. நல்லா நெனச்சிதான் செஞ்சாங்க."