ஒரு ஆள், ஒரு நாய்

பத்தக்கா சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்தால் எப்போதும் ஒன்று குறையும். எல்லோரும் உட்கார்ந்து முடித்த பிறகுதான் குறைவது தன்னுடைய தட்டு என்று அவளுக்கே தெரியவரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். நாலு பேர் போகும் ஊருக்கு மூன்று டிக்கெட் போதும் என்பாள். வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் விரல் மடக்கி எண்ணுவாள். அவளுக்கென்று ஒரு விரல் மடங்கியதே இல்லை.

இத்தனைக்கும் எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. ஒவ்வொரு வார்டிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் இறங்கும். உதறி, பத்துப் பத்தாக அடுக்கி, பத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு எண்ணிக்கை சொல்வது அவள் பொறுப்பு. அதனால்தான் பத்தக்கா என்ற பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அவள் சொன்ன எண்ணிக்கையை மேற்பார்வையாளர் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் வராது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் குழந்தைகள் வார்டு மூட்டையில் நாற்பது விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தோராவதாக ஒன்று அசைந்தது. கண் திறக்காத நாய்க்குட்டி. எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் கவிழ்த்து வைத்தாற்போலக் கறுப்பு. தொப்பி என்று பெயராயிற்று. கணவர் போன பிறகு பத்தக்காவும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நாத்தனார் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பத்தக்கா பேசாமல் மிச்சம் வைப்பதையெல்லாம் அவர் ஒருவரே பேசித் தீர்த்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொப்பியின் வலது கண் சிவந்து வீங்கிப் பால் பூத்தாற்போல ஆகிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, மூன்று நாளுக்குள் குறைக்காவிட்டால் பார்வை போய்விடும், அடுத்த கண்ணுக்கும் வரலாம் என்றார் பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவர். குறைக்கத் தெரிந்த டாக்டர் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் நகரத்தில் வியாழக்கிழமை மட்டும் வருவார். மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"என் காரை நம்பி நான் காய்கறிக் கடைக்குப் போவேன் அண்ணி, அவ்வளவு தூரம் போக மாட்டேன்" என்றார் நாத்தனார். "அது ஒரு நோயாளி, இது ஒரு நோயாளி. யாரு யாரைத் தூக்கிட்டுப் போறது? முதல்ல பிரேக்டவுன் கவர் எடுங்க. வழியில நின்னா வந்து காரையும் நம்மளையும் ஏத்திட்டுப் போய் விடுவாங்க. நான் வேன்ல இருப்பேன், நீங்கதான் போன் பண்ணணும். நாய் இருக்குன்னு மறக்காம சொல்லிடுங்க. முன்னாடியே சொல்லலைன்னா ஏத்த மாட்டாங்களாம்."

பத்தக்கா அன்று மதியம் விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று போன் செய்தாள். சொல்ல வேண்டியதை மூன்று முறை மனப்பாடம் செய்திருந்தாள்.

"நாய் ஒண்ணு வருதுங்க" என்று முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டாள்.

மறுமுனைப் பெண் சிரித்தாள். "வரட்டும்மா, அதுக்குத் தனியா கூண்டே வெச்சிருக்கோம். நாயோட சேர்த்து மொத்தம் எத்தனை பேரு?"

பத்தக்கா விரல் மடக்கினாள். வண்டி ஓட்ட நாத்தனார். அப்புறம் தொப்பி.

"ரெண்டு."

"சரிங்கம்மா. ஒரு ஆள், ஒரு நாய். பதிஞ்சாச்சு."

போனை வைத்தபோது பத்தக்காவுக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. வேலையைச் சரியாக முடித்துவிட்ட நிம்மதி.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். பத்தரைக்கு, வயல்வெளிக்கு நடுவே, காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. நாத்தனார் ஓரம் கட்டி, இறங்கி, தனக்குத் தெரிந்த வசவையெல்லாம் காருக்குத் தாராளமாக வழங்கிவிட்டு உதவி எண்ணுக்குப் போன் போட்டார். பதினொன்றே முக்காலுக்கு ரெக்கவரி வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் ஆள் வாட்டசாட்டம். இறங்கியதும் குனிந்து முதலில் தொப்பியைத்தான் விசாரித்தார்.

"என்ன துரை, கண்ணைக் கசக்கிட்டீங்களா?"

பத்தே நிமிடத்தில் காரை முதுகில் ஏற்றிச் சங்கிலி போட்டுவிட்டார். கையிலிருந்த போனைப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார்.

"இதுல ஒரு ஆளு, ஒரு நாயின்னு இருக்கு. நீங்க ரெண்டு பேரு நிக்கிறீங்களே? எனக்குப் பக்கத்துல ரெண்டே சீட்டு. ஒண்ணுல கூண்டைக் கட்டியாச்சு. பதியாத ஆளை ஏத்தினா என் வேலை போயிடும். மேல இருக்கிற கார்லயும் உக்கார விட மாட்டாங்க. அடுத்த வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

ரெண்டு மணி நேரம் என்றால், அதற்கு மேல் ஒன்றரை மணி நேரப் பயணம். டாக்டர் போயிருப்பார். பத்தக்காவுக்கு அந்தக் கணக்கு உடனே வந்தது. அதோடு இன்னொரு கணக்கும் வந்தது.

"பதியாத ஆளு நான்தாங்க" என்றாள். "ரெண்டு பேருன்னு சொன்னது இவங்களையும் தொப்பியையும். நீங்க மூணு பேரும் போங்க. நான் இங்கயே நின்னுக்கிறேன்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்தார். "ஆயிரம் போர்வை எண்ணுற மகாராணிக்கு ரெண்டு பொம்பளைய எண்ணத் தெரியலை! உங்க கைக்குத் தவிர வேற யாரு கைக்கு அது கண்ணைத் திறந்து காட்டுது? போன வருஷம் நான் மருந்து விடப் போய்ப் பட்ட கடிக்குத் தழும்பு இருக்கு, பாக்குறீங்களா? நான் நிக்கிறேன். நீங்க போங்க."

"நான் போய் டாக்டர்கிட்ட என்ன பேசுவேன்?"

"வாயைத் திறந்து பேசுவீங்க!"

"சண்டையை நிறுத்துங்க, நாய் பயப்படுது" என்றார் வண்டிக்காரர். அலுவலகத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனைப் பத்தக்காவிடம் நீட்டினார். அன்றைக்குப் பேசிய அதே பெண்.

"அம்மா, நீங்க பேசினது ரெக்கார்டுல இருக்கு, இப்பதான் போட்டுக் கேட்டேன். டிரைவரைச் சேர்த்தா, உங்களைச் சேர்த்தான்னு நான் பிரிச்சுக் கேட்டிருக்கணும். என் தப்புதான். இப்ப உங்க முழுப் பேரைச் சொல்லுங்க, சேர்த்துடறேன்."

தப்பு தன்னுடையதுதான் என்று பத்தக்காவுக்குத் தெரியும். பேரைச் சொன்னாள். கேட்கவில்லை என்றாள் அந்தப் பெண். ரோட்டில் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. பத்தக்கா மூச்சை இழுத்து, சலவைக்கூடத்தில் இயந்திர இரைச்சலுக்கு மேல் எண்ணிக்கை சொல்லும் குரலில், தன் பெயரை இன்னொரு முறை சொன்னாள். தொப்பி காதைத் தூக்கிப் பார்த்தது.

"பதிஞ்சாச்சும்மா. நாயோட வாரை சீட் பெல்ட்டோட கட்டி, காலடியில உக்கார வெச்சா போதும். மேலாளர்கிட்டயும் சொல்லிட்டேன். சீக்கிரம் போங்க."

வண்டிக்காரர் கூண்டை அவிழ்த்துக் காருக்குள் திணித்தார். கூண்டுக்குள் விரித்திருந்த பழைய கம்பளி தரையில் விழுந்தது. அவர் திணித்து முடிப்பதற்குள் பத்தக்கா அதை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து, ஆஸ்பத்திரி விரிப்புப் போல மடித்துவிட்டாள். வாய்விட்டு நன்றி சொல்ல வராதவள். கை சும்மா இருக்கவில்லை.

"அடேயப்பா, இதைப் பிரிக்கவே இனி மனசு வராதே" என்றார் அவர்.

ஒரே சீட்டில் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு பெல்ட். தொப்பி பத்தக்காவின் பாதங்கள் மேல் தலையை வைத்துக்கொண்டது. வழியெல்லாம் நாத்தனாரும் வண்டிக்காரரும் வேன்களின் குறைகளைப் பேசித் தீர்த்தார்கள். காரை இறக்க வேண்டிய பட்டறை முன்னால் வந்தும் அவர் நிறுத்தவில்லை. "துரையை முதல்ல இறக்குவோம். கார் எங்கயும் ஓடிடாது, அதுதான் அதோட பிரச்சினையே" என்றார்.

ஒன்றரைக்குக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். டாக்டர் கடைசிப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக, எந்தக் கண் முதலில், தண்ணீர் எவ்வளவு குடித்தது என்று அவர் கேட்டதற்கெல்லாம் பத்தக்காதான் பதில் சொன்னாள். நாத்தனார் வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை. டாக்டர் விட்ட மருந்தில் மூன்று மணிக்குள் அழுத்தம் பாதியாகக் குறைந்தது.

தொப்பிக்கு இப்போது பதினோரு வயது. இடது கண் நன்றாகத் தெரிகிறது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சொட்டு, மாலையில் திரும்பியதும் ஒரு சொட்டு, பத்தக்காதான் விடுகிறாள்.