தூணுக்கு அந்தப் பக்கம்

சாமுவேல் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். போனில் எஸ்தர் அண்ணி. "கலா, அண்ணன் பூட்டாரும்மா" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ஈரம் வழக்கம்போல இரண்டு கடைகளுக்கும் நடுவிலுள்ள தூணோடு நின்றிருந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் அவருடைய மெக்கானிக் கடை. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டம்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முன்னால் வருகிறது.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிறேன். அண்ணன் ஆரணிக்காரர். இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, என் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்தார். எங்கள் பகுதியில் வெள்ளை வேட்டி கொடியில் காயும்போதே பழுப்பாகிவிடும். தூசி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அண்ணனும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து ஆந்திரா பக்கம் பைக்கில் சுற்றப் போனவர்கள் சிவப்பு நிற வெளிநாட்டு வண்டி ஒன்றைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். "இன்ஜின் கத்துதுண்ணா, வண்டி நகர மாட்டேங்குது" என்றார் வண்டிக்காரர். அண்ணன் ஸ்டார்ட் செய்து கிளட்சைப் பிடித்தார். உண்டியலைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

"பயப்படாத கலாம்மா, இது டிரை கிளட்ச். நம்ம வண்டிங்க கிளட்ச் ஆயில்ல ஊறிக்கினு கெடக்கும். இது காஞ்சே ஓடும், அதான் சத்தம்" என்றார்.

மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்து, கொக்கி போட்டு பிளேட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தார். இரும்பு பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே இருக்கும் ஃபைபர் பிளேட்டுகள் தேய்ந்து தகடாகிவிட்டிருந்தன. புதுசு வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அண்ணன் சிரித்தார். காயலான் கடைக்குப் போய்ப் பழைய லாரி பிரேக் லைனிங் வாங்கி வந்து அறுத்தார், அரத்தால் ராவினார், பிளேட்டில் ஒட்டி உப்புத்தாளால் தேய்த்தார். வண்டி ஓடியது. அந்தப் பேச்சு பரவி, காய்ந்த கிளட்ச் உள்ள வண்டிகளெல்லாம் அவரைத் தேடி வர ஆரம்பித்தன.

அன்றிலிருந்துதான் அந்தச் சட்டமும் வந்தது. டிரை கிளட்சில் ஈரம் பட்டால் வழுக்கும். அதனால் கடையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, பிளேட்டை நனைத்துத் தேய்க்கக் கூடாது, ஈரத்துணி கண்ணிலேயே படக்கூடாது. வறட்டுத் துடைப்பத்தால் அவர் பெருக்கும்போது கறுப்புப் புகை மாதிரி எழும். மிச்சமிருப்பதை வாயால் ஊதுவார். "இன்னாண்ணா இது, தெளிச்சுட்டுப் பெருக்குனா தேய்ஞ்சா பூடுவீங்க?" என்று நான் கத்துவேன். "பிளேட்டு மேல பட்டா பேஜாரும்மா. உன் பக்கம் ஆறே ஓடட்டும், என் பக்கம் வாணாம்" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடிந்ததும் பழைய பிளேட்டையும் லைனிங்கையும் தேய்த்த தூசியில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெயில் குழைத்து, வண்டியின் டேங்குக்கு அடியில் கறுப்புப் பொட்டு வைப்பார். திருஷ்டிக்கு. பழசின் சாம்பலைக் கண்டால் புதுசு அடங்கி ஓடுமாம். இதற்காகவே அந்தத் தூசியை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். "சர்ச்சுக்குப் போறவரு பொட்டு வைக்கலாமாண்ணா?" என்று ஒருமுறை சீண்டினேன். "ஊர்க் கண்ணுக்கு வேதமாம்மா தெரியப்போவுது?" என்றார். வண்டிக்காரர்களுக்கு அந்தப் பொட்டு மிகவும் பிடித்துப்போனது. அது இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார்கள்.

பல வருஷம் கழித்து இருமல் வந்தது. காய்ந்த இருமல், சளியே இல்லை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, தூசிதான்." முகத்துக்கு மாஸ்க் எடுத்துக் கொடுத்தேன். அதை மாட்டினால் மூச்சுக் காற்றின் ஈரம் பிளேட்டில் படியுமாம், கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? இங்கிருந்து டீக்கடைக்கு நடப்பதற்குள் நடுவில் உட்கார ஆரம்பித்தார். நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அண்ணிதான் இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, உள்ளே போனால் திரும்பி வராது என்றார். "நம்ம ஊட்டுக் கூரையே அதான டாக்டர்" என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

நான் பார்க்கப் போன அன்று, வார்டுக்கு வெளியே அவருடைய மகள் ஜெனிஃபர் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அண்ணி. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். குழந்தையின் கன்னத்தில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு.

"மை அழகா வச்சிருக்கீங்க அண்ணி" என்றேன்.

"மை இல்ல கலா. அண்ணனோட டப்பாவுல இருந்துதான். தெனம் அவரு கையாலதான் வைப்பாரு. அவரு இங்க படுத்துட்டதால நானே வச்சிக்கினு வந்தேன்."

குழந்தை கையால் கன்னத்தைத் தேய்த்து, அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தது. நான் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, கன்னத்தையும் விரல்களையும் அழுத்தித் துடைத்தேன். ஜெனிஃபர் பதறினாள். டப்பாவில் இருப்பது டாக்டர் சொன்ன அதே நார்த்தூசிதான் என்று சொன்னேன்.

குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் காட்டினோம். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அண்ணனின் கண்கள் பேத்தியின் வெறும் கன்னத்தைப் பார்த்தன. பிறகு என் முந்தானையில் இருந்த கறுப்பு ஈரத்தைப் பார்த்தன. அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாஸ்க்கைக் கையால் விலக்கினார்.

"கலாம்மா... என் பக்கமும் தெளிச்சுடு."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சாவு வீட்டில் கூட்டம். பச்சைக் குழந்தை இருக்கும் இடம், ஒரு பொட்டு வையுங்கள் என்று உறவுக்காரப் பெண்கள் சொன்னார்கள். அழுத கண்ணோடு அண்ணி அலமாரிக்குப் போனார். கை பழக்கத்தில் அந்த டப்பாவைத்தான் எடுத்தது. நான் பாய்ந்து பிடுங்கினேன். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். டப்பாவை ஈரத்துணியில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அண்ணி என் கையிலிருந்து அதை வாங்கி, சவப்பெட்டியில் அண்ணனின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "அவரோடயே போவட்டும்" என்றார்.

மறுநாள் காலை வாளியோடு தூணைத் தாண்டினேன். அண்ணா, உங்கள் சட்டத்தை உங்கள் சொல்லாலேயே மீறினேன். முதல் தண்ணீர் தரையில் இறங்கவே இல்லை. கறுப்புத் தூசியின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இத்தனை வருஷக் காய்ச்சல் அந்தத் தரைக்கு. திரும்பத் திரும்பத் தெளித்தேன், கடைசியில் மண் வாசனை வந்தது. நிம்மதியாகப் போய் வாருங்கள் அண்ணா, உங்கள் பக்கமும் நனைந்துவிட்டது. குழந்தையின் கன்னம் சுத்தமாக இருக்கிறது. உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாளியை எடுத்துக்கொண்டு என் கடைக்குத் திரும்பினேன். டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாக்கா, நாலஞ்சு நாளா இருமிக்கினே கீற?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். "தூசிதான்."