கச்சான் வந்த வழி

நுரைச்சோலையில் ஏழு கடை. கற்பிட்டியில், இந்த மணலில் அத்திவாரம் நிற்காது என்று என்ஜினியர் கைவிட்டுப் போன இரண்டு மாடி. பாலாவிப் பக்கம் ஒரு பள்ளிவாசலுக்கு, தொழப் போகுமுன் கைகால் கழுவுகிற ஹவுள் தொட்டி. இன்றைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லி, மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்தவனுடைய மேசன் கரண்டி எழுப்பினது இவ்வளவும். ஆனால் என்ட வேலையில் திறமானது ஒரு ஓட்டை.

சண்டை முடிந்து சில வருஷத்தில், நாங்கள் வாடகைக்கு இருக்கிற அரசாங்கத்து வீடுகளைக் கரண்ட் மிச்சம் பிடிக்கிற வீடுகளாக்கித் தருகிறோம் என்று ஒரு திட்டக்காரர் கூட்டம் வந்தது. கூரைக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். சுவருக்கு மேலே காற்றுப் போக இருந்த துவாரங்களையும் சீமெந்தால் அடைத்தார்கள்.

"குளிர் வெளியே போகக் கூடாது, ஐயா" என்றாள் கொழும்பிலிருந்து வந்த உத்தியோகப் பிள்ளை.

"எந்தக் குளிர், மகள்?" என்று கேட்டாள் என்ட மனுசி.

தம் கட்டின புரியாணிச் சட்டிக்குள் கிடக்கிற கோழிக்குத்தான் எங்கட பாடு விளங்கும். ஏற்கனவே மூச்சு இழுப்புக்காரியான மனுசி நாலாம் நாள் உடுப்பை மடித்து பேக்கில் வைத்தாள். "நான் மகள்ட வீட்டுக்குப் போறேன். நீங்க இந்த வெள்ளித்தாளோட குடும்பம் நடத்துங்க."

சுவரில் கை வைத்தால் வீடு பறிபோகும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் கை வைக்கவில்லை, உளி வைத்தேன். கடல் பக்கச் சுவரில் இடுப்பளவுக்குப் பதிவாக ஒன்று, எதிர்ச் சுவரில் உயரமாக ஒன்று. முன்னதை மறைக்கக் கலண்டரைத் தொங்கவிட்டேன். அன்று பின்னேரமே மனுசி பேக்கை அவிழ்த்தாள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை சூடு பார்க்கிற கருவியோடு வந்தாள். கலண்டர் சுவரில் நின்று கூத்தாடியது. தாள் தானாகப் புரண்டு நோன்புப் பெருநாள் வரைக்கும் போய்விட்டது.

"மற்ற வீடெல்லாம் கொதிக்குது. இது மட்டும் எப்படி ஐயா இவ்வளவு குளிர்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "கச்சான், மகள்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

எங்கட கரையில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றும் கச்சான், கடதாசிச் சுருளில் விற்கிற நிலக்கடலையும் கச்சான். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலைதான் தெரியும். அச்சடித்து வந்த அறிக்கையில், வீடு குளிர்ந்தது வெள்ளித்தாளால் என்றும், வீட்டுக்காரர் கச்சான் தின்று உடம்புச் சூட்டைத் தணிக்கிறார் என்றும் இருந்தது! தேத்தண்ணிக் கடைக்காரன் அதைச் சத்தமாக வாசித்தான். அன்றிலிருந்து என்னைக் கண்டால், "மேசன் நானா, வறுத்ததா, அவிச்சதா?" என்கிறான்.

கேலியைப் பொறுப்பேன். மற்ற வீட்டுக்காரர் இன்னும் வேகிறார்கள், என்ட குளிரைக் காட்டி வெள்ளித்தாள் பேர் வாங்குகிறது. அதைப் பொறுக்க மாட்டேன். ஆகவே திட்டக்கார ஐயாமாரே, உங்களுக்கு எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்: சுவரை உடைத்தது நான்தான். தண்டனை தருவதென்றால் தாருங்கள். ஆனால் அந்த அறிக்கையைத் திருத்தி, கச்சான் என்றது காற்றை, அதற்கு வழி விட்டவன் இந்த மேசன் என்று போடுங்கள். போட்டுவிட்டு மற்ற வீடுகளுக்கும் என்னையே கூப்பிடுங்கள். உளி தீட்டித்தான் இருக்கிறது.